நல்லம்மா வந்தாச்சா?

வேலண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் அவருடைய கணினிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன், கோபமாக. திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னவர் பத்தே முக்காலுக்கும் வரவில்லை. போன் போட்டுத் திட்டலாம் என்று கையில் எடுத்தேன். அதற்குள் அதுவே அடித்தது. அவருடைய சின்ன மகள். "அத்தை, அப்பா மோகனூர் பஸ் ஸ்டாப்புல உக்காந்தவரு எந்திரிக்கலீங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எந்திரிக்கச் சொல்லு, இங்க வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்னும் நாக்கு கூசுகிறது.

உங்கள் கோயில் குடும்பங்களையெல்லாம் ஊர்வாரியாகப் பதியும் இந்தப் பங்காளிகள் ஏட்டின் கடைசிப் பக்கத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நான் உங்கள் பங்காளி இல்லை. ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. செங்கோட்டுவேல் என்று உங்கள் ஏட்டில் பதிந்த மனிதரோடு சூரமங்கலத்து அச்சகம் ஒன்றில் பதினாலு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவள். அவர் பக்கம் கட்டுவார், நான் பிழை பார்ப்பேன். அவரை உங்களில் பலருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அவரைப் பற்றி நீங்கள் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கும் ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்யத்தான் எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் மோகனூர் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். உங்கள் பெரியவர்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனுசன், நல்ல வேலைக்காரன் என்றெல்லாம் சொன்னார்கள். அப்புறம் ஒருவர், "என்ன பண்றது, சொந்தக் கோயில் ஏட்டுலயே பதினோரு குடும்பத்தை உட்டுப்போட்டான். அந்த ஒண்ணுதான் கொறை" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் டீயைக் குடித்தேன்.

அந்தப் பதினோரு குடும்பத்தை விட்டது நான்.

எப்படி விட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் அவர் எப்படி வேலை செய்வார் என்று சொல்ல வேண்டும். பக்கம் பக்கமாக நீளும் அட்டவணை என்றால் எங்கள் தொழிலில் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். கல்யாணப் பத்திரிகை கட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், எண்பது பக்கத்துக்கு ஓடும் அட்டவணையைக் கட்டுகிறவர்கள் அபூர்வம். வேலண்ணனுக்கு அதுதான் பிடித்த வேலை. ஒரு பக்கத்தில் இடம் முடிந்தால் அடுத்த பக்கத்தில் தலைப்பு வரிசை தானாக வந்து நிற்கும்படி வைப்பார். ஒரு குடும்பத்தின் வரிசை இரண்டு பக்கங்களில் உடையக் கூடாது என்பதில் பிடிவாதம். அதனால் சில பக்கங்களின் அடியில் நாலு விரல் இடம் வெறுமையாக இருக்கும். உங்கள் கோயில் கமிட்டிச் செயலாளர் பொன்னுசாமி ஐயா ஒரு தடவை அதைக் காட்டி, "என்ன வேலு, இங்க காலியா உட்டுருக்க?" என்று கேட்டார். "அடுத்த குடும்பத்துல ஒம்பது பேருங்க மாமா. நாலு பேரை இங்க நிக்க வெச்சுட்டு அஞ்சு பேரை அந்தப் பக்கம் தள்ள முடியாதுங்க" என்றார் இவர். பொன்னுசாமி ஐயா கொஞ்ச நேரம் அந்த வெற்றிடத்தையே பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டார்.

மேற்படி என்ற வார்த்தையை அவர் ஏட்டில் விடமாட்டார். ஊர்ப் பெயர் வரும் கட்டத்தில் ஒரு தடவை மல்லசமுத்திரம் என்று போட்டுவிட்டுக் கீழே மேற்படி, மேற்படி என்று இறக்குவதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். நானும் அதற்காகச் சண்டை போட்டேன், இடம் மிச்சமாகும் என்று. "மேற்படின்னு ஒரு ஊரு நம்ம ஜில்லாவுல இல்லீங்க அம்மிணி. பக்கத்தைத் திருப்புனவங்க மறுபடியும் பின்னால போயித் தேடோணுமா?" என்றார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஊர்ப் பெயரை முழுசாக அடித்தார். எனக்குப் பிழை பார்க்க வேண்டிய வார்த்தைகள் இரட்டிப்பாயின. அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை.

போன கும்பாபிஷேகத்துக்குப் போட்ட ஏடு அது. அதில் அவர் கமிட்டியோடு ஒரு சண்டையும் போட்டிருந்தார். மல்லசமுத்திரம் தாண்டி ஒரு சின்ன ஊரில் நல்லம்மாள் என்று ஒரு பெரியம்மா தனியாக இருந்தார். கணவர் இல்லை, ஆண் வாரிசும் இல்லை. அப்படிப்பட்டவர்களை ஏட்டில் சேர்க்கும் வழக்கமில்லை என்றார்கள். "வருஷா வருஷம் பொங்க வெக்க வாராங்களே, அது எந்தக் கணக்குங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார். கடைசியில், சரி, எல்லாருக்கும் கீழே கடைசி வரிசையாகப் போட்டுக்கொள் என்று சம்மதித்தார்கள். நல்லம்மாள் கடைசி வரிசையில் வந்தது அப்படித்தான்.

ஏடு அச்சுப் பிளேட்டுக்குப் போக வேண்டிய நாள் ஆடிப் பதினெட்டு. அவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் காவிரிக்குப் போயிருந்தார். நான் கடைசித் தடவையாகப் புரட்டும்போது முதல் ஊரிலேயே நான்கு குடும்பங்கள் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. கையெழுத்துப் பட்டியலில் இருக்கிறது, அட்டவணையில் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலண்ணன் விட்டதை நான் பிடித்துவிட்டேன் அல்லவா. அவருக்காகக் காத்திருக்காமல் நானே ஃபைலைத் திறந்து நான்கு வரிசைகளைச் சேர்த்தேன். சேர்த்த பக்கத்தைப் பார்த்தேன், அழகாக இருந்தது. அடுத்த பக்கத்தையும் பார்த்தேன், தலைப்பு வரிசை சரியாக வந்து நின்றது. அவ்வளவுதான். அனுப்பிவிட்டேன்.

அட்டவணை பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெட்டி வழியாக ஓடும். முதல் பெட்டி நிரம்பினால் இரண்டாவது, அது நிரம்பினால் மூன்றாவது. கடைசிப் பெட்டியும் நிரம்பிவிட்டால் மிச்சம் இருக்கிற வரிசைகள் அழியாது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே நிற்கும். பெட்டியின் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புக் கூட்டல் குறி மட்டும் வரும். நான் சேர்த்தவை நான்கும் பெரிய குடும்பங்கள். கடைசியில் நின்ற சின்னக் குடும்பங்கள் பதினொன்று வெளியே போய்விட்டன. எண்பதாம் பக்கத்தை நான் திறக்கவே இல்லை. திறந்திருந்தாலும் அந்தக் குறிக்கு அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஏடு அச்சாகி, கோயிலில் கொடுத்து, இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் வெடித்தது. பொன்னுசாமி ஐயா அச்சகத்துக்கே வந்து சத்தம் போட்டார். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து, "யார் பார்த்தது கடைசிப் பக்கத்தை?" என்று கேட்டார். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு கல்யாணப் பத்திரிகையில் கிழமை மாறிப்போனதை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். இன்னொன்று நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார் முதலாளி. வேலண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நானுங்க. ஊருக்குப் போற அவசரத்துல உட்டுட்டனுங்க" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விட்டுப்போன பதினோரு வரிசைகளையும் அதே எழுத்தில், அதே கட்ட அளவில் அச்சடித்து, பிளேடால் நறுக்கி, பசை டப்பாவோடு ஒவ்வொரு வீடாகப் போனார். கடைசியாக நல்லம்மாள் வீடு. நானும் வருகிறேன் என்றேன். "வாங்க" என்றார், ஏன் என்று கேட்கவில்லை.

நல்லம்மாள் ஏட்டை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "பால் ஊத்தப் போனப்ப சொசைட்டிக்காரர்கிட்டக் குடுத்துப் பாக்கச் சொன்னேன் சாமி. ரெண்டு தடவ பொரட்டிட்டு இல்லீங்களேன்னாரு. எம்பேரு எங்க சாமி போச்சு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டார்.

"எங்கயும் போகலீங்க ஆத்தா. அடுத்த பக்கத்துல நிக்குது. பக்கந்தான் வரலீங்க" என்றார் வேலண்ணன். கட்டிலில் உட்கார்ந்து ஏட்டின் கடைசிப் பக்கத்தில் துண்டுச் சீட்டை ஒட்டினார். அந்தம்மா அதன்மேல் விரலை வைத்து, "ஒட்டுனது உதுந்துராதா?" என்று கேட்டார்.

"உதுந்தா மறுபடியும் வாரனுங்க."

அப்புறம் அந்தம்மா என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள யாரு?" என்றார். "எங்கூட வேலை செய்யறவங்க. உங்க பேரு சரியா வந்திருக்குதான்னு பாக்க வந்திருக்காங்க" என்றார் இவர். நான் குனிந்து அந்தச் சீட்டைப் படித்தேன். ஒரே ஒரு பெயர். சரியாக இருக்குதுங்க என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "அண்ணா, அந்த நாலு வரிசை..."

"தெரியுமுங்க அம்மிணி. அன்னைக்கே ஃபைலைத் தொறந்து பாத்தனுங்க. நான் போட்டது எது, போடாதது எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்புறம் ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"உங்களை அனுப்பிச்சிட்டா எனக்குப் புரூஃப் பாக்கறது யாருங்க? உங்களாட்டம் சண்டை கட்டிப் பாக்கறவங்க கெடைக்கோணுமில்ல." அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

உங்கள் சொந்தக்காரர்களிடமாவது நான் வந்து சொல்கிறேன் என்றேன். "எம்பட சனத்துக்கிட்ட நான் சொல்லிக்கிறனுங்க. உடுங்க" என்றார். விட்டேன். அவர் சொல்லமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும். விட்டுவிடுவது எனக்கு வசதியாக இருந்தது, விட்டேன்.

அதற்கப்புறம் எந்த நீண்ட அட்டவணை வந்தாலும் கடைசியில், வரிசை எண் இல்லாமல், நல்லம்மாள் என்று ஒரு வரிசையைச் சேர்த்துவிடுவார். போர் போடும் ரிக் வண்டி உதிரிபாகப் பட்டியலாக இருக்கட்டும், கல்லூரி மாணவர் பட்டியலாக இருக்கட்டும், கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயர் கண்ணில் பட்டால் முன்னால் உள்ள எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். படவில்லை என்றால் யாரோ வெளியே நிற்கிறார்கள். பிளேட்டுக்கு அனுப்புமுன் நான் கேட்பேன், "அண்ணா, நல்லம்மா வந்தாச்சா?" அவர், "வந்துட்டாங்க அம்மிணி, அனுப்பிருங்க" என்பார். அதற்குப் பிறகுதான் அந்த வரிசையை எடுப்பார். பன்னிரண்டு வருஷத்தில் எங்களிடமிருந்து ஒரு வரிசைகூட விட்டுப்போகவில்லை. நல்லம்மாள் நாலு வருஷத்துக்கு முன்னால் தவறிப்போனார். அதற்குப் பிறகும் எங்கள் அறைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்.

நீங்கள் அவருக்குச் செய்தது எனக்குத் தெரியாமல் இல்லை. கோயில் வேலை எதுவும் அவருக்குக் கொடுக்கவில்லை, ஒரு நோட்டீஸ்கூட. பொங்கல் பந்தியில் ஒருவர், "வேலுக்கு எலை போட்டாச்சா, இல்ல அவனையும் உட்டுட்டீங்களா?" என்று கேட்டாராம், எல்லாரும் சிரித்தார்களாம். அவருடைய மனைவி தனம் என்னிடம் சொல்லி அழுதாள். "இவரு ஒருநாளும் அப்படி வேலை செய்யறவரு இல்லீங்களே, அன்னைக்கு மட்டும் என்ன ஆச்சோ" என்றாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

இந்தத் தடவை ஏட்டை முதலில் வேறொரு கடைக்குத்தான் கொடுத்தீர்கள். அந்தக் கடைக்காரர் தலைப்பு வரிசையை ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் கையால் ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார். நடுவில் ஒரு குடும்பத்தைச் சேர்த்ததும் எல்லாம் நகர்ந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் நட்டநடுவில் 'குடும்பத் தலைவர் பெயர்' என்று ஒருவர், 'ஊர்' என்கிற ஊரிலிருந்து வந்து, பங்காளிகளோடு பங்காளியாக உட்கார்ந்திருந்தார். அந்தப் புரூஃபைத் தூக்கிக்கொண்டு பொன்னுசாமி ஐயா எங்கள் படி ஏறினார். வேலண்ணன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "உட்டுட்டுப் போங்க மாமா, நான் பாத்துக்கறனுங்க" என்றார். அடுத்த மூன்று மாதமும் ஒரு நாளுக்கு ஒரு தடவையாவது அந்த ஃபைலைத் திறக்காமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. கடைசிப் புரூஃப் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை வந்து பார்ப்பதாக இருந்தது.

அவர் இறந்த எட்டாம் நாள் பொன்னுசாமி ஐயா போன் செய்தார். "அம்மிணி, ஏட்டுல நம்ம வேலு வரிசையை எடுத்துருங்க. ரெண்டும் பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு. தனத்தைத் தனியாப் போட வழக்கமில்லீங்க."

நல்லம்மாளைப் போட்டீர்களே என்றேன்.

"அது வேலு அடம் புடிச்சதுங்க. அப்பறம் பாருங்க, அந்த வரிசையே அச்சுல வரலை. அவங்களோட இன்னும் பத்துக் குடும்பமும் போச்சு. சாமிக்கே இஷ்டமில்லீன்னு அன்னையோட அந்தப் பேச்சை உட்டுட்டோம்."

நான் அவசரத்தில் அடித்த நான்கு வரிசைகள் பன்னிரண்டு வருஷமாகச் சாமி வாக்காக இருந்திருக்கின்றன. அதன் பேரில் எத்தனையோ பெண்கள் ஏட்டுக்கு வெளியே நிற்கிறார்கள், இப்போது தனமும் நிற்கப்போகிறாள்.

கருமாதி அன்று மோகனூருக்குப் போனேன். சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்த நேரத்தில் எழுந்து நின்றேன். "விட்டது சாமி இல்லீங்க. நான்தானுங்க விட்டேன்" என்றேன். பெட்டி, கூட்டல் குறி என்றெல்லாம் சொல்லப்போய் யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் பந்தியைக் காட்டிச் சொன்னேன். முன்னால் நாலு குடும்பம் ஆளும் பேருமாக வந்து உட்கார்ந்தால் கடைசியில் இருப்பவர்கள் நகர்ந்து நகர்ந்து பந்தலுக்கு வெளியே போய்விடுவார்கள். பந்தலைப் பார்க்கிறவர்களுக்குப் பந்தி நிறைந்துதான் தெரியும். அந்த நாலு குடும்பத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தவள் நான், அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றேன்.

"பன்னெண்டு வருசமா எங்க அம்மிணி போயிருந்தீங்க?" என்று கேட்டார் பொன்னுசாமி ஐயா.

"அவர் பக்கத்து நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேனுங்க."

தனம் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

நான்கு நாள் கழித்துப் பொன்னுசாமி ஐயாவே அச்சகத்துக்கு வந்தார். கையில் ஒரு பட்டியல். தனம் பெயர் முதலில் இருந்தது. கீழே, ஊர் ஊராகத் தனியாக இருக்கிற பத்தொன்பது பெண்களின் பெயர்கள். "இவங்களைக் கடைசியில போட வேண்டாம். அவங்கவங்க ஊர்லயே போட்ருங்க" என்றார். போகும்போது, "அன்னைக்குச் சொன்னதை எழுதியும் குடுங்க. ஏட்டுலயே வரட்டும்" என்றார்.

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊராகச் சேர்த்தேன். மோகனூர் வந்தது. அவர் பெயர் இருந்த கட்டத்தில் தனம் பெயரை அடித்தேன். பக்கத்துக் கட்டத்தில் இருந்த ஊர்ப் பெயரை அவர் அடித்தபடியே விட்டேன். இருபது வரிசையும் முடிந்ததும் இந்த ஏட்டின் கடைசியான எண்பத்தாறாம் பக்கத்துக்குப் போனேன். நல்லம்மாள் இல்லை. மூலையில் சிவப்புக் கூட்டல் குறி. அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேனே தவிர நான் செய்ததில்லை. ஒரு பக்கம் சேர்த்து, பெட்டியை இணைத்தேன். தலைப்பு வரிசை வந்தது. பின்னாலேயே ஆறு குடும்பங்கள் வந்தன. கடைசியாக நல்லம்மாள் வந்தார்.

வேலண்ணன் எனக்கென்று எதையும் விட்டுப் போகவில்லை. அவருடைய பிளேடும் அளவுகோலும் மகள்களிடம் இருக்கின்றன, அதுதான் நியாயம். என்னிடம் இருப்பது ஒரு கேள்வி. இத்தனை வருஷமும் கேட்டது நான், பதில் சொன்னது அவர். அன்றைக்குப் பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். அது காலியாக இருந்தது. அது என் நாற்காலி.

இதற்கு முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எல்லாருக்கும் கீழே, எண் இல்லாமல், ஊர் இல்லாமல் ஒரு பெயர் இருக்கும். அனுப்புமுன் அதை எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. அது பிழை இல்லை.

வந்துட்டாங்க அண்ணா. அனுப்பிட்டேன்.